எண்ணப்பட்டவர்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள்

இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவை ரயில் பாதை என்று ஒன்று இருந்தது. நானுஓயாவில் தொடங்கி, நுவரெலியா, கந்தப்பளை வழியாக மலையேறிப் போன இரண்டரை அடி அகலப் பாதை. 1904இல் அது இராகலையை எட்டியது. அதற்கு மேல் போகவே இல்லை. 1940களில் பாதையும் மூடப்பட்டது. கோப்பைப் படிப்பவருக்கு அது உடப்புசல்லாவைப் பாதை. உடப்புசல்லாவையில் இருந்தவரோ ரயிலைப் பார்க்க இராகலைக்குப் போக வேண்டும்.

மலையகத்தில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாதைதான் நினைவுக்கு வருகிறது. பயிற்சி பெற்ற தாய்மார் இத்தனை பேர், கட்டிய மலசலகூடம் இத்தனை, கொடுத்த அப்பியாசக் கொப்பி இத்தனை, ‘பயனடைந்தோர்’ மொத்தம் இத்தனை ஆயிரம். பக்கத்திலே கூடை சுமந்த ஒரு பெண்ணின் சிரித்த முகம். அதற்குக் கீழே, முன்பு தனக்கு ஒன்றும் தெரியாதென்றும் இப்போது தைரியம் வந்துவிட்டதென்றும் அவர் சொன்னதாக இரண்டு வரி. வேலை நடந்ததில் சந்தேகமில்லை. ஆனால் தலைப்பில் உள்ள ஊருக்கு ரயில் வந்ததா என்பது அந்தப் பக்கங்களில் இருந்து தெரியாது.

இதற்கு மருந்தாக இப்போது ஓர் அறிவுரை எங்கும் கேட்கிறது: தரவையும் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், உங்கள் பணியின் தாக்கம் விளங்கும். கொழும்பில் இதற்கென்றே பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. அறிவுரையில் பிழையில்லை. யாருக்கு விளங்க வேண்டும் என்பதைத்தான் அங்கே யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நிதி கொடுத்தவருக்கா, நிதியின் பெயரால் எண்ணப்பட்டவருக்கா? மலையகத்தில் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. இலங்கையில் இந்தத் தோட்டத் தொழிலாளர் சமூகத்தைப் போல எண்ணப்பட்ட சமூகம் வேறில்லை.

வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விடியும்போதே எண்ணிக்கை தொடங்கிவிடும். சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் நாளாகும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக ‘துண்டு’ வேண்டும். கடன் தீர்ந்தது என்று எழுதிய அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மனிதர் நகர முடியாது. 1911 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனி நிரல் போட்டார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் நாடற்றிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். எந்த லயத்து வரிசை வீட்டில் இருந்த யார் எந்த எண்ணுக்குள் விழுவார் என்பது அந்த மேசையில் பேச்சாகவே இல்லை.

இப்படி எண்ணப்பட்டவர்களுக்குத் தரவைச் சந்தேகிக்க எந்தப் பட்டறையும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ பறிக்க வேண்டும். தராசு காட்டும் எடையிலிருந்து சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கழிவு போகும். தன் முதுகில் சுமந்து வந்த பாரம் எவ்வளவு என்று தூக்கியவளுக்குத் தெரியும்; செக்ரோலில் ஏறிய எண் வேறு என்பதும் தெரியும். அளப்பவர் யார், தராசு யாருடையது, கழிவை யார் தீர்மானித்தது என்ற மூன்று கேள்விகளும் புள்ளியியல் வகுப்பில் கடைசியாகத்தான் வரும். இங்கே அவை தினசரி அனுபவம்.

தேசியக் கணக்குகளுக்கும் இதே மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 குடும்ப வருமான செலவின ஆய்வு, தோட்டத்துறையில் வறுமை 8.8 சதவீதம் என்றது. 2019 ஆய்வு 33.8 சதவீதம் என்றது. மூன்றே ஆண்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு. நாடளாவிய எண்ணும் 4.1இலிருந்து 14.3க்கு ஏறியது. இடையில் பஞ்சம் எதுவும் வரவில்லை. பொருளாதார நெருக்கடியும் அதன் பிறகுதான் வந்தது. மாறியது வறுமைக்கோடு. 2002இன் வாழ்க்கைச் செலவை அடிப்படையாகக் கொண்டிருந்த பழைய கோட்டை நீக்கி, 2012/13ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டைப் போட்டார்கள். அதுவரை கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றவர்கள் எல்லாம் ஒரே நாளில் கீழே வந்துவிட்டார்கள். லயத்தில் அடுப்பு முந்தைய நாள் எரிந்தபடியேதான் எரிந்தது.

இதைத் திணைக்களத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. பழைய கோட்டை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. மாற்றியதால்தான் உண்மை கொஞ்சம் அருகில் வந்தது. என் கவலை, இவ்வெண்களைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பற்றியது. 2006இலிருந்து 2016 வரை பழைய கோட்டின்படி தோட்ட வறுமை 32 சதவீதத்திலிருந்து 8.8க்கு இறங்கியது. அந்தப் பத்தாண்டில் மலையகத்தில் வேலை செய்த எந்த நிறுவனமும் அந்தச் சரிவில் தன் பங்கென்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்படி எழுதியவர், கோடு மாறி 33.8 வந்தபோது அந்த வரியை என்ன செய்வார்?

பிள்ளைகளின் உயரத்தையும் பார்ப்போம். ஐந்து வயதுக்குக் குறைந்த தோட்டப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 2006-07 சுகாதார ஆய்வில் 40 சதவீதம். 2016இல் 32 சதவீதம். நாட்டின் சராசரி 17. எட்டுப் புள்ளி இறங்கியது நல்ல செய்தி. யாரால் இறங்கியது? தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் சத்துணவு கொடுத்த நிறுவனம் கையைத் தூக்கும். சம்பளத்தை உயர்த்தியதாகத் தொழிற்சங்கம் தூக்கும். மாதாமாதம் மலையேறிய குடும்பநல உத்தியோகத்தர் கையைத் தூக்க மாட்டார், அவருக்கு நேரமில்லை. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்து பணம் அனுப்பிய அண்ணனையும் அக்காவையும் எந்த அறிக்கையும் கேட்காது. நாங்கள் இல்லாமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முயலாத தாக்க அறிக்கை, வெறும் வருகைப் பதிவுதான்.

இன்னொரு சிக்கல், ‘தோட்டத்துறை’ என்ற நிரலே. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், பத்துப் பேருக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டமே புள்ளிவிபரத்தில் தோட்டம். நன்றாகப் படித்து நுவரெலியாவிலோ ஹட்டனிலோ வாடகை வீட்டுக்குப் போன குடும்பம் அன்றே அந்த நிரலை விட்டுப் போய்விடும். எனவே திட்டம் பலித்த வீடுகள் கணக்கிலிருந்து மறைகின்றன, பலிக்காதவை மிஞ்சுகின்றன. லயத்துக்குள் மட்டும் கணக்கெடுக்கும் நிறுவனம், தன் வெற்றியைத் தானே அழித்து எழுதுகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: இடைவிலகி மரக்கறித் தோட்டத்துக்கோ தலைநகருக்கோ போன பையன் வகுப்பறைக் கணக்கில் இல்லாததால், பரீட்சைத் தேர்ச்சி வீதம் ஏறியதாகத் தெரியும்.

உடப்புசல்லாவை என்ற பெயர் உலகத் தேயிலைச் சந்தையில் அறியப்பட்டது. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் அதுவும் ஒன்று. அதன் சாயத்தில் இளஞ்சிவப்பு தெரியும் என்பார்கள் சுவைப்பவர்கள். அந்தத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்பதைக் கொழும்பு ஏல அறிக்கையில் வாராவாரம் பார்க்கலாம். அதைப் பறித்தவளின் பிள்ளையுடைய உயரத்தை நாடு பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் சொல்கிறது. அதுவும் மஸ்கெலியாவையும் பதுளையையும் உடப்புசல்லாவையையும் ஒன்றாகக் கலந்த ஒற்றை எண்ணாக. இந்த இடைவெளியை நிரப்பச் சிறு நிறுவனங்களால் முடியும். எனவேதான் அவை எண்ணுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நல்ல எண் எப்படி இருக்கும் என்பதற்கு மலையகத்திலேயே சான்று உண்டு. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தால் போதாது, காகிதம் கைக்கு வர வேண்டும். ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஆதரவோடு, அரசும் தொண்டர்களும் சேர்ந்து மலையகத்துக்கே நடமாடும் நிலையங்களைக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் ஏறக்குறைய 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் குடியுரிமை பெற்றார்கள். இந்த எண்ணுக்கு அடுக்குமொழி வேண்டாம். முன்பு நாடற்றவர், இப்போது நாட்டவர். யார் செய்தது, எதனால் நடந்தது என்பதிலும் குழப்பமில்லை.

ஆனாலும் 1 இலட்சத்து 90 ஆயிரம் என்ற இடத்தில் கதை முடியவில்லை. அதற்குப் பின்னால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு என்று படிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் முகவரி கேட்டார்கள். லயத்துக் காம்பராவுக்கு வீட்டிலக்கமும் தெருப்பெயரும் எங்கே? கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து கைக்கு வந்தால் வந்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்து வேலையை இழந்த பிள்ளைகளின் கதை மலையகத்தில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். எண் நின்றுபோன இடத்தைக் காட்டுவதுதான் கதையின் வேலை என்று நான் நினைக்கிறேன். நம் அறிக்கைகளிலோ கதை எண்ணுக்கு மாலை போட வருகிறது.

மாலை போடும் கதைக்குக் காரணம் இருக்கிறது. 2007இல் டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவென்ஸ்டீன், போல் ஸ்லோவிக் என்ற மூவர் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். கையில் ஐந்து டொலர் வைத்திருந்தவர்களில் சிலருக்கு மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரொக்கியாவின் கதையைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஆப்பிரிக்கப் பசியின் புள்ளிவிபரத்தை மட்டும். வேறு சிலருக்கு இரண்டையும். கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். புள்ளிவிபரம் படித்தவர்கள் 1.14; இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43. எண்ணைச் சேர்த்ததும் இரக்கம் குறைந்துவிட்டது. ‘தரவும் கதையும்’ என்று பயிற்றுவிப்பவர்கள் இந்த முடிவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பணம் மட்டும்தான் நோக்கம் என்றால், எண்ணை எறிந்துவிட்டு ஒரு பிள்ளையின் கண்ணீரை முன்னே வைக்க வேண்டும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். மூக்கொழுகும் குழந்தையை லயத்து வாசலில் நிறுத்தி எடுத்த படம் எத்தனை சுவரொட்டியில் வந்துவிட்டது! அந்தக் குழந்தை இன்று சாதாரண தரம் எழுதிக்கொண்டிருக்கும். படத்தைப் பற்றி அதனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மலையகத்தாரின் கதையை மலையகத்தார் சொன்னபோது அது இப்படி இருக்கவில்லை. வட்டக்கொடை மடக்கும்பரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, 1947 பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினர். அவர் 1970இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘போர்ன் டு லேபர்’ தோட்டத்து மனிதரை இரக்கத்துக்குரிய கூட்டமாகக் காட்டவில்லை. குணமும் குறும்பும் கோபமும் உள்ள ஆட்களாகக் காட்டியது. கம்பளைக்கு அருகே பரடெக்கவில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், பழைய லயத்தையே கட்டடமாகக் கொண்டது. தொழிலாளர் புழங்கிய பொருளும் அவர்களைப் பற்றிய ஆவணமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளை உள்ளே போனால், தன் பாட்டியின் சாமானை அடையாளம் கண்டு, அது பிழையாக வைக்கப்பட்டிருந்தால் பிழை என்று சொல்லவும் முடியும். சொல்லப்பட்டவர் மறுத்துப் பேசக்கூடிய கதை என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்படியான கதையைக் கேட்பதற்கு முறையும் உண்டு. 1990களின் நடுவில் ரிக் டேவிஸ் என்பவர் பங்களாதேசத்தின் கிறிஸ்தவ அபிவிருத்தி ஆணையத்தோடு வேலை செய்தபோது ஓர் எளிய கேள்வியிலிருந்து தொடங்கினார்: அண்மையில் உங்கள் வாழ்வில் நடந்த மாற்றங்களில் முக்கியமானது எது, ஏன்? கிராமத்தில் கிடைத்த கதைகளிலிருந்து ஒவ்வொரு படியிலும் சிலவற்றைத் தெரிவு செய்வார்கள். ஏன் தெரிவு செய்தோம் என்பதையும் எழுதிக் கீழே திருப்பி அனுப்புவார்கள். இதன் நயம் அந்தத் திருப்பி அனுப்புதலில் இருக்கிறது. தலைமையகம் எதை முக்கியம் என்று நினைக்கிறது என்பது கிராமத்துக்கும் தெரிந்துவிடும். உடப்புசல்லாவையில் இந்தக் கேள்வியைக் கேட்டால், பயிற்சியை விட்டுவிட்டு, கூரைத் தகரம் மாற்றியதையோ பஸ் நேரம் மாறியதையோ சொல்லக்கூடும். சொல்லட்டும். அதுவும் தரவுதான்.

எண்ணையும் திருப்பி வாசிக்கலாம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரச வேலைத்திட்டங்களின் பெயர்ப்பட்டியல், அதாவது நம் செக்ரோல் போன்றது, ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருந்தது அங்கே வெளிப்பட்டது. அதுவரை அலுவலகத்தில் உறங்கிய எண், சம்பந்தப்பட்டவர் காதில் விழுந்ததும் சாட்சியாகிவிட்டது. இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் போன பாதையின் தொடக்கங்களில் அந்தக் கூட்டமும் ஒன்று.

உரக்க வாசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வி நிறுவனமும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் எவ்வளவு மோசம் என்பதை ஊர்க்கூட்டத்தில் எடுத்துச் சொன்னதால் மட்டும் பள்ளிக்கூடம் திருந்தவில்லை. தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்திய ஊர்களில்தான், முகாமுக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். பானர்ஜியும் டுப்லோவும் மற்றவர்களும் 2010இல் இதை வெளியிட்டார்கள். வெற்றியாகாத பகுதியையும் மறைக்கவில்லை. பிரதமும் அந்த முடிவோடு தன் பெயர் வருவதைத் தடுக்கவில்லை. கோட் கிரானாவில் வாசித்த எண்ணுக்குப் பின்னால் கேட்டவர்களின் கூலி இருந்தது. ஜான்பூரில் கேட்டவர்கள் கையில் அடுத்து செய்ய ஒன்றுமில்லை. கணக்குச் சொல்லும்போது, இனி என்ன செய்யலாம் என்பதையும் வைக்க வேண்டும் என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது.

மலையகத்தில் இதற்கு ஒரு தடை உண்டு. அதை நிறுவனங்கள் வெளியில் பேசுவதில்லை. தோட்டம் கம்பனியின் கையில் இருக்கிறது. உள்ளே போய் வேலை செய்யத் தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதி வேண்டும். அனுமதி போய்விடுமோ என்ற பயத்தில் அறிக்கையிலிருந்து கழிவு எடையும், பழுதான கூரையும், அரைப் பேரும் மெல்ல விலகிவிடுகின்றன. மிஞ்சுவது கைகழுவும் பயிற்சி. கை கழுவுவது நல்லதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத லயத்தில் கைகழுவும் பழக்கம் எத்தனை சதவீதம் கூடியது என்று அளப்பது, அளக்க வேண்டியதை அளக்காமல் இருக்க நாகரிகமான ஒரு வழி. தொழிற்சங்கத் தலைவர்மாரும் இதில் சளைத்தவர்கள் அல்ல. தங்கள் சங்கத்தின் பெயர் வராத எண்ணை அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

சின்ன நிறுவனத்தில் மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள், இத்தனையும் முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முடிகிற ஒன்று ஒவ்வொரு லயத்திலும் ஏற்கனவே இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் கொடுக்கிற வளர்ச்சிப் பதிவேட்டைச் சொல்கிறேன். குடும்பநல உத்தியோகத்தர் நிறுத்து, புள்ளி வைத்து, கோடு போடுவார். புத்தகம் தாயிடமே இருக்கும். கோடு சரிந்தால் படிக்காத தாய்க்கும் தெரியும். ஏன் சரிந்தது என்று அவரே சொல்வார், அந்த மாதம் வேலை குறைவு, அல்லது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அல்லது தான் கொழும்புக்குப் போனதால் பாட்டி பார்த்துக்கொண்டார். புள்ளியும் அதன் காரணமும் ஒரே கையில். சத்துணவுத் திட்டம் நடத்தும் நிறுவனம் புதிதாக ஐம்பது கேள்விப் படிவம் அடிக்கத் தேவையில்லை. தாய்மாரின் அனுமதியோடு அந்தக் கோடுகளைச் சேர்த்து, பெயர்களை நீக்கி, தோட்டம் முழுவதுக்கும் ஒரு பெரிய தாளில் வரைந்து முன்பள்ளிச் சுவரில் ஒட்டினால் போதும். பக்கத்துத் தோட்டத்தின் கோட்டையும் அருகில் போட்டால், திட்டம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதும் ஓரளவு தெரியவரும்.

நிதி கொடுப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில், ஒளிப்படத்தோடு, குறித்த திகதிக்குள் கேட்கிறார்கள். அதற்கு வரவுசெலவில் இடமும் கொடுக்கிறார்கள். அதே கணக்கைத் தமிழில் தோட்டத்தில் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும், கொஞ்சம் தாளும், வந்தவர்களுக்குத் தேநீரும் வேண்டும். அந்தச் செலவுக்கு எந்தப் படிவத்திலும் நான் இடம் பார்த்ததில்லை. அடுத்த விண்ணப்பப் படிவம் அச்சாகும்போது மூன்று கட்டங்களைச் சேர்க்கட்டும்: இந்தக் கணக்கு எந்தத் தோட்டத்தில், எந்தத் திகதியில் வாசிக்கப்பட்டது, கேட்டவர்கள் எதைப் பிழை என்றார்கள், அதன் பிறகு எந்த எண் திருத்தப்பட்டது. மூன்றாவது கட்டம் வெறுமையாக வந்தால், நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.